மூன்று நீல ரிங்குகள்

போன வாரம் மருமகள் ஒரு பைண்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் இருக்கும் இதே ஷார்ஜாவில் இழுத்து மூடுகிற ஏதோ ஒரு ஆபீஸில் மேசை, நாற்காலி, டீ கெட்டில் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்களாம். அவள் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறாள். மாணவர்களுக்குக் கொடுக்கும் குறிப்புகளை வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

"மாமா, ஒங்களுக்கு இந்த வேலையெல்லாம் அத்துப்படின்னு அவர் சொன்னாரே?"

அத்துப்படிதான் என்றேன். ஆனால் நான் கைப்பிடியைத் தொடவில்லை. முதலில் மெஷினின் வயிற்றுக்குக் கீழே இருக்கும் தட்டை இழுத்துப் பார்த்தேன். தாளில் துளை போடும்போது வெட்டுப்படும் துகள்கள் விழுகிற இடம் அது. யாருடையதோ துகள்கள் பிதுங்கி வழிந்தன. வெள்ளையும் வெளிர்பச்சையுமாகச் சின்னச் சின்னச் செவ்வகங்கள். ஆக, இந்த ஆபீஸில் பச்சை அட்டை வைத்துப் பிரித்த அறிக்கைகள் கட்டியிருக்கிறார்கள். தட்டைக் காலி செய்ய ஆள் இல்லை. தட்டு நிறைந்தபின்னும் அழுத்தியிருந்தால் துகள் மேலே ஏறி வெட்டுப்பற்களில் சிக்கியிருக்கும். பற்கள் மழுங்கியிருக்கும். விற்றவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

இதை மருமகளிடம் சொன்னேன். "மாமா, நீங்க ஆபீஸ்ல வேல பாத்தீங்களா, போலீஸ்ல வேல பாத்தீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்படி ஒரு தட்டைப் பார்த்துத்தான் நான் ஒருவரைக் குற்றவாளி ஆக்கினேன் என்பது அவளுக்குத் தெரியாது.

பிறகு அவள் பிளாஸ்டிக் ரிங் பாக்கெட்டைப் பிரித்தாள். புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே, அந்த வாடை. முதுகெலும்பும் விலா எலும்புமாக மீன் முள்ளைப் போல இருக்கும் அந்த வளையத்துக்குக் கடைக்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள். துபாயில், எங்கள் டேரா ஆபீஸில் எல்லோருக்கும் அது ரிங்தான். வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அந்த ஆபீஸின் நாலாவது மாடி நினைவுக்கு வந்துவிட்டது. ஏசி தண்ணீர் சொட்டுகிற ஜன்னல், டோனர் சூடு, ஏலக்காய் தூக்கலான டீ, ஜலால் பாய்.

எங்களுடையது கட்டடங்களுக்கு ஏசியும் கரண்டும் இழுத்துக் கொடுக்கிற கான்ட்ராக்ட் கம்பெனி. வேலை பிடிக்க வேண்டுமானால் டெண்டர் போட வேண்டும். இன்ன வேலையை இப்படிச் செய்வோம், இன்ன விலைக்குச் செய்வோம் என்று எழுதி, புத்தகமாகக் கட்டி, பெட்டியில் போட்டு ஒட்டி, குறித்த நாளில் அரசு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். இன்றைக்கு அதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். அன்றைக்குக் காகிதம். மூன்று பிரதிகள், ஒவ்வொன்றிலும் பல தொகுதிகள். கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பட்டுக்கோட்டையிலிருந்து கிளம்பி விமானம் ஏறிய நான் அங்கே தாள் அடுக்கி, துளை போட்டு, ரிங் மாட்டினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. என்னைவிட நேராகத் துளை போட ஆள் இல்லை என்ற திமிர்கூட இருந்தது.

ஜலால் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை மெல்வதற்குள் வந்துவிடும் ஊர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கம்பெனி முத்திரையும் ஸ்டோர் சாவியும் அவரிடம் இருந்தன. நான் கட்டியதற்குப் பக்கம் பக்கமாக முத்திரை வைத்து, பெட்டியில் அடுக்கி, ஒட்டி, கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. என்னை "பட்டுக்கோட்டையாரே" என்பார். கொஞ்சம் குஷி வந்தால் "ஓய்".

நீங்கள் இந்த மெஷினை வாங்குவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அதன் பெட்டியில் எழுதியிருக்கும் எதையும் நம்பாதீர்கள். ஒரே அழுத்தில் இருபது தாள் என்று போட்டிருக்கும். பத்துக்கு மேல் வைக்காதீர்கள். பத்தாவது தாள் வரை துளை சுத்தமாக விழும். அதற்குமேல் பல் கடித்துக் குதறும். தாளையும் நம்பாதீர்கள். மேசையில் தட்டி விளிம்பைச் சமமாக்கிய பிறகும் நடுவில் ஒன்று உள்வாங்கி நிற்கும். முன்னால் போடும் கண்ணாடி பிளாஸ்டிக் வழுக்கும். அதைத் தாளோடு சேர்த்து வைக்காமல் தனியாக, பின்னால் ஒரு அட்டையைத் துணைக்கு வைத்து அழுத்த வேண்டும். எதற்கும் முதலில் ஒரு வேண்டாத தாளில் துளை போட்டுப் பாருங்கள். கடைசித் துளை விளிம்பில் பாதி தொங்கினால், பக்கவாட்டில் இருக்கும் அளவுக் குமிழ் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில் அதை யாராவது நகர்த்தியிருப்பார்கள். யார் என்று நான் எப்போதும் யோசிப்பேன்.

அந்த யோசனைதான் என் வியாதி. டீத்தூள் குறைந்தால் யார், ஏசியைக் கூட்டியது யார், என் பேனா அந்த மேசைக்கு எப்படிப் போனது. வாயைத் திறந்து கேட்க மாட்டேன். மனதுக்குள் ஆளைப் பிடித்துவிடுவேன்.

ஜலால் பாயிடம் என்னிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவர் குடும்பத்தோடு இருந்தார். ஷார்ஜா ரோலாவில் கம்பெனி கொடுத்த இரண்டு அறை வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். ஆபீஸ் வேலையில் இருக்கும்வரை அந்த வீடு உண்டு. சைட்டுக்கு மாற்றினால் கேம்ப். கேம்ப்பில் நாலு அடுக்குக் கட்டில் அறை. குடும்பம் ஊருக்குப் போக வேண்டியதுதான். அவர் எதற்காவது பயந்தார் என்றால் அதற்கு மட்டும்தான். "நான் சோனாப்பூர் பஸ்ஸுல ஏறினா, எம்பொண்ணு எர்ணாகுளம் பிளைட்டுல ஏறணும் ஓய்" என்பார். சோனாப்பூரில்தான் கேம்ப்புகள்; அன்றைக்கு மலிவு டிக்கெட் எர்ணாகுளம் வழியாகத்தான் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. மீன் ஆணம் என்கிற குழம்பும் தேங்காய்ச் சோறும். சாப்பிட்டுவிட்டு என் அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வயிறு நிறைந்திருக்கும், நெஞ்சு எரியும். மசாலா என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஊரில் இருந்த என் மனைவி போனில் "பாய் வீட்ல என்ன சமையல்?" என்று கேட்டால் எரிச்சலாக வரும். அதற்குப் பொறாமை என்று பெயர் என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெரிய டெண்டர் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கானது. சில நாட்களாகவே வேலை நெருக்கியது. விலையெல்லாம் ஆங்கிலத் தொகுதிகளில். கம்பெனியைப் பற்றிய விவரங்களும் வேலைமுறையும் மட்டும் அரபியில் ஒரு தொகுதி, அதற்கு மூன்று பிரதிகள். அரபியில் எழுதித் தருபவர் ஹாஷிம், சூடான்காரர். கார்ட்டூமிலிருந்து வந்தவர். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம், குழந்தை மாதிரிச் சிரிப்பு. எல்லோரையும் "யா சதீக்" என்பார். நண்பா என்று பொருள்; அவர் சொல்லும்போது நிஜமாகவே அப்படி இருக்கும்.

அரபித் தொகுதி கடைசி நாள் மாலைதான் என் கைக்கு வந்தது. மளமளவென்று துளை போட்டேன். கறுப்பு ரிங் மாட்டினேன். என் வழக்கப்படி தட்டில் இருந்த துகளைக் குப்பையில் கொட்டி, தட்டைத் துடைத்து வைத்தேன்.

"போதும், ரூமுக்குப் போய்ப் படுங்க ஓய். கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு. முத்திர வச்சு பெட்டியில அடுக்குறத நான் பாத்துக்குறேன்" என்றார் ஜலால் பாய்.

போனேன்.

மறுநாள் காலை நான் போகும்போது பெட்டி திறந்திருந்தது. தொகுதிகள் முதுகு மேலே தெரிய வரிசையாக நின்றன. எல்லாம் கறுப்பு முதுகு. ஓரத்தில் மட்டும் மூன்று நீல முதுகுகள். அரபித் தொகுதி இருந்த இடம்.

"பாய், என்னது நீலம்?"

"அதுவா... ஒங்க ரிங்கு ஒண்ணு பல்லு ஒடஞ்சு கெடந்துச்சு. மாத்திட்டேன்."

"ஒண்ணு ஒடஞ்சதுக்கு மூணு மாத்தினீங்களா?"

"மூணும் ஒரே மாதிரி இருக்கட்டுமேன்னுதான். அழகு வேணாமா? யல்லா, டேப்ப எடுங்க" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார்.

நான் டேப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு மெஷின் பக்கம் போனேன். தட்டை இழுத்தேன். துகள். ரிங் மாற்ற மட்டும் செய்தால் துகள் விழாது. துளை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகத் தாளில் துளை போட்டால்தான் விழும். ஆக, நான் போனபிறகு இங்கே புதிய தாள்கள் துளைக்கப்பட்டிருக்கின்றன. அவர் என்னை ரூமுக்குப் போகச் சொன்னதே இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

இந்த ரிங்குக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷினின் கொக்கிகளில் மாட்டி விரித்தால் வாய் திறக்கும். உள்ளே இருக்கும் தாளை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். மூடினால் யாருக்கும் தெரியாது. வேலைக்கு இதுதான் வசதி. சந்தேகக்காரனுக்கு இதுதான் நரகம். பக்கம் மாறக்கூடாது என்று நீங்கள் பயப்படும் தாள்களைப் பிளாஸ்டிக் ரிங்கில் கட்டவே கட்டாதீர்கள். கம்பி ரிங்கில் கட்டுங்கள். அதை ஒருமுறை நசுக்கி மூடினால் மூடினதுதான். பிரித்தால் வளைவு காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று அவர் பெட்டியோடு கிளம்பும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தது. நான் குப்பையில் கொட்டியிருந்த துகள்கள், நிறைய. கலர் அட்டைத் துகள்கள். அடியில் என்ன வைத்திருக்கிறார் என்று என் மனம் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டியதும் அந்தப் பையை மின்விசிறிக்கு நேராகக் கவிழ்த்தார். மஞ்சளும் பச்சையுமாக எல்லோர் தலையிலும் கொட்டியது. அந்தப் பெண் என் தோளில் விழுந்ததைப் பொறுக்கித் திரும்பவும் என் தலையிலேயே போட்டாள். அங்கேயே என் சந்தேகம் முழுவதும் உதிர்ந்திருக்க வேண்டும். பையைப் பற்றியது மட்டும் உதிர்ந்தது. மற்றதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செய்ததை மறைப்பதில் எவ்வளவு கெட்டிக்காரர், பாருங்கள், என்று நினைத்தேன்.

டெண்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கூடவே போட்டியிட்ட இன்னொரு கம்பெனி எங்களுக்குச் சற்றுக் கீழே விலை போட்டிருந்தது. இதில் அதிசயம் எதுவும் இல்லை. நாங்களும் பிறரை அப்படி முந்தியிருக்கிறோம். ஆனால் தோற்ற ஆபீஸில் உடனே ஒரு பேச்சு கிளம்பும். உள்ளேயிருந்து யாரோ விலையைச் சொல்லிவிட்டான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஜோர்டான்காரர், நேரடியாகக் கேட்கிறவர்.

"நீ கட்டி முடித்த பிறகு அந்தப் புத்தகங்களை யாராவது பிரித்தார்களா?"

இல்லை, தெரியாது என்று சொல்லலாம். ஜலால் பாயைக் கேளுங்கள் என்றாவது சொல்லலாம். நான் நீல ரிங்கைச் சொன்னேன். தட்டில் இருந்த துகளைச் சொன்னேன். என்னை ரூமுக்குப் போகச் சொன்னதைச் சொன்னேன். என் கணிதப் படிப்பு முழுவதும் அந்த அறையில் வரிசையாக, நிரூபணம் மாதிரி, வெளியே வந்தது.

"கலாஸ்," என்றார். போதும் என்று அர்த்தம். "நீ போகலாம்."

நிரூபணத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அன்றைக்கே நான் அறிவேன். பிரிக்கப்பட்டது அரபித் தொகுதி. அதில் விலை கிடையாது. விலை இருந்த ஆங்கிலத் தொகுதிகளின் முதுகு நான் மாட்டிய கறுப்பிலேயே இருந்தது. மேனேஜருக்கு அந்த வித்தியாசம் தோன்றவில்லை. தோன்றிய நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமையும் அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் ரோலாவில் விளக்கு எரிந்திருக்கும். நான் சாப்பிட்டுவிட்டு என் அறைக்குத் திரும்பியிருப்பேன். அது எனக்குப் பொறுக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இன்றுவரை அகப்படவில்லை.

யாரும் ஜலால் பாயிடம் எதுவும் கேட்கவில்லை. சைட்டில் ஸ்டோர் பார்க்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். ருவைஸ் பக்கம், மணலுக்கு நடுவில் ஒரு கேம்ப்.

"ஏன்னு ஏதாச்சும் காதுல விழுந்துச்சா ஓய்?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல பாய்."

"வீட்ட இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம். பள்ளிக்கூடம் பாதியில நிக்குது. அது ஒண்ணுதான்..." என்று சொல்லிவிட்டு, முத்திரையை மைப்பெட்டியோடு என் மேசையில் வைத்தார்.

அவர் குடும்பம் கிளம்பும்போது அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டியது நான். நன்றாக ஒட்டுவேன் அல்லவா. அவர் மனைவி ஒரு டப்பாவில் வறுத்த இறால் கொடுத்தார். "அண்ணனுக்கு இனிமே வெள்ளிக்கிழமைக்கு யாரு இருக்கா" என்றார். அந்த டப்பாவை நான் பல நாள் திறக்கவில்லை. பிறகு திறந்து, தின்றும் விட்டேன்.

சில மாதம் போனது. இன்னொரு டெண்டர். இன்னொரு அரபித் தொகுதி. தாள்களைத் தட்டிச் சமமாக்கி மெஷினில் செருகப் போனேன். பின்னாலிருந்து ஹாஷிம் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"லா, லா, யா சதீக்! வலது பக்கம்! இந்தத் தடவை வலது பக்கம்!"

எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்தார். ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னார். அரபிப் புத்தகம் வலது பக்கம் திறக்கும். முதுகு வலது ஓரத்தில் வர வேண்டும். நான் அதற்கு முன்னால் எத்தனையோ அரபித் தொகுதிகள் கட்டியவன், எனக்குத் தெரியும். அந்தக் களைப்பில், அந்த மாலையில், கை பழக்கத்தில் இடது ஓரத்தில் துளை போட்டிருக்கிறேன். மூன்றிலும். அப்படியே போயிருந்தால் தலைகீழாகக் கட்டிய புத்தகத்தை அந்த அதிகாரிகள் முன்னால் வைத்திருப்போம். ஆபீஸே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். முத்திரை வைக்க எடுத்த ஜலால் பாய் அதைப் பார்த்திருக்கிறார். துளை போட்ட தாளில் மறுபடி துளை போட முடியாது. இரண்டு பக்கமும் ஓட்டையாகிவிடும். ஹாஷிமைக் கூப்பிட்டு எல்லாப் பக்கங்களையும் புதிதாக அச்செடுத்து, வலது ஓரத்தில் துளை போட்டு, புது முத்திரை வைத்திருக்கிறார்கள். பழைய தாள்களை அப்படியே கண்டதுண்டமாக்கும் மெஷினில் போட்டுவிட்டார்கள். அவசரத்தில் பிய்த்ததில் பழைய ரிங்குகள் ஒடிந்துவிட்டன, புதுக் கறுப்பு ரிங் தீர்ந்திருந்தது. ஸ்டோரில் நீலம்தான் இருந்தது.

"உன்னிடம் சொல்லக்கூடாது என்று ஜலால் என்னிடம் சத்தியம் வாங்கினார்" என்றார் ஹாஷிம். "பாவம், மூன்று நாளாகத் தூங்காத மனுஷன், தெரிந்தால் கூசிப்போவார் என்றார். இப்போது அவர்தான் இங்கே இல்லையே. அதனால் சொல்லிவிட்டேன்."

அரபித் தாளுக்கு ஒரு வழி சொல்கிறேன். அச்செடுத்த உடனேயே முதல் பக்கத்தின் வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கட்டைக் குப்புறக் கவிழ்த்துச் செருகினால் அந்த ஓரம் தானாகப் பற்களுக்குப் போகும். அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அன்று மத்தியானம் மேனேஜர் அறை வாசலில் நின்றேன். கதவைத் தட்டினேன். "என்ன?" என்றார். ஊருக்குப் போக லீவு வேண்டும் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்ன சொல்லப் போனேன் என்பது எனக்கும் அந்தக் கதவுக்கும் தெரியும்.

பிறகு பல வருடங்கள். ஜலால் பாய் கேம்ப்பில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி, கடைத்தெருவில் டைல்ஸ் கடை போட்டார். லீவில் ஊருக்குப் போனபோது ஒருமுறை அங்கே போனேன். என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டார். மாடியில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். பேச்சு பழைய ஆபீஸுக்குப் போனது.

"என்னைய ஏன் சைட்டுக்குத் தள்ளுனானுவோன்னு கேம்ப் பாஸ்தான் அப்புறமா சொன்னான் ஓய். டெண்டர் பெட்டிய நான் தொறந்தேன்னு எவனோ போட்டுக் குடுத்துட்டானாம்."

"தொறந்தீங்களா பாய்?" என்று கேட்டேன். நான் இப்படிக் கேட்டேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

"தொறந்தேன். என்னமோ ஒரு சின்ன வேலைக்கி" என்று கையை வீசினார். என் தவற்றை அப்போதும் அவர் சொல்லவில்லை. "அது யாருக்குத் தெரியும்? எனக்கும் அந்த சூடான்காரனுக்கும் மட்டும்தான். அவன்தான். வேற யாரு?"

"ஹாஷிமா?"

"இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. போன வருஷம் உம்ராவுக்கு மக்கா, மதீனான்னு போயிருந்தோம். மதீனாவுல, பள்ளிவாசலுக்கு வெளியில, கூட்டத்துல ஒருத்தன் 'ஜலால், ஜலால்'னு கத்திக்கிட்டு ஓடியாறான். பாத்தா ஹாஷிம். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு சலாம் சொல்றான். எம்பொண்ணு படிப்பு அங்கே நின்னுபோச்சே, எம்பொண்டாட்டி அழுத அழுக... எல்லாம் கண்ணு முன்னாடி வந்துருச்சு. பதில் சலாம் சொல்லல ஓய். மூஞ்சத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். மதீனாவுல! வேற எடமா இருந்தா பல்ல ஒடச்சிருப்பேன்."

முதல் தப்பு செய்தபோது எனக்கு முழு உண்மை தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மாடியில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து, "விடுங்க, நீங்க ஏன் மொகத்த இப்புடி வச்சிருக்கீங்க" என்று இன்னொரு டீ சொன்னார். அதையும் குடித்தேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

போன வாரம் மருமகளின் குறிப்புகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே ஜலால் பாய்க்குப் போன் போட்டேன். இருவருக்கும் இப்போது காது மந்தம். கத்தித்தான் பேச வேண்டும். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன்.

"ஜலால் பாய், அந்தப் பெட்டி விஷயத்த மேனேஜர்கிட்ட சொன்னது ஹாஷிம் இல்ல. நான்."

"என்னது?"

"நான்தான் சொன்னேன். ஹாஷிம் இல்ல. அரபிப் புத்தகத்த எடது பக்கம் தொளச்சதும் நான்தான். தெரியும் எனக்கு. ரொம்ப நாளாத் தெரியும்."

மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ பெண்குரல் "யாரு வாப்பா?" என்றது. அந்த மகளாகத்தான் இருக்கும். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"ஹாஷிம் நம்பரு இருக்கா?" என்றார்.

வேறு எதுவும் கேட்கவில்லை. ஓய் என்றும் சொல்லவில்லை.

ஹாஷிம் வேலையை விட்டுக் கார்ட்டூமுக்குப் போகும்போது கொடுத்த நம்பர் என்னிடம் இருந்தது. கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்பே நானும் அடித்துப் பார்த்திருந்தேன் என்பதைச் சொன்னேன். பதிவு செய்த ஒரு பெண்குரல் அரபியில் ஏதோ சொல்லி அறுந்துவிடுகிறது. அந்த ஊரில் சண்டை தொடங்கியதிலிருந்து அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், எங்கே போனார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. பழைய ஆபீஸ் ஆட்கள் இருவரிடம் விசாரித்தேன். ஒருவர் கெய்ரோவுக்குப் போயிருக்கலாம் என்றார். இன்னொருவருக்கு ஹாஷிம் என்ற பெயரே நினைவில்லை.

நாங்கள் இருந்த நாலாவது மாடி இப்போது ஹோட்டல் அறைகளாகிவிட்டது. டெண்டர் பெட்டி கிடையாது, முத்திரை கிடையாது, ரிங் மாட்டிக் கொடுக்க ஆள் தேவையில்லை. ரோலாவில் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு வண்டி நிறுத்த மண் தரையாக விட்டிருக்கிறார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து, ஊரில் ஆட்கள் வீடு திரும்பும் நேரம், நம்பரை வாங்கிக்கொண்ட ஜலால் பாயிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பால்கனிக்குப் போய், சத்தத்தைக் கூட்டி, காதில் வைத்துக் கேட்டேன். ஒரே சொல்.

"எடுக்கல."